சிவப்புத் தொப்பியும் ஓட்டுப்பெட்டியும்

புதுச்சேரியின் பழைய சரித்திரத்தைப் படிக்கிறவர்கள் துய்ப்ளேக்ஸைப் பார்ப்பார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையைப் பார்ப்பார்கள். நயினாரைப் பார்ப்பவர்கள் சிலரே. பிள்ளையவர்களின் நாட்குறிப்பில் அடிக்கடி தலைகாட்டிவிட்டுப் போகும் மனிதர் இந்த நயினார். அது ஓர் ஆளின் பெயரன்று, உத்தியோகத்தின் பெயர். பட்டணத்துச் சேவகர்களுக்கெல்லாம் தலைவர் அவர். திருடனைப் பிடிப்பது, கடனாளியை இழுத்து வருவது, துரை கூப்பிடுகிறார் என்று பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில் போய் நிற்பது எல்லாம் அவருடைய சேவகர்களின் வேலை. பிடிபட்டவனை நிறுத்தும் இடம் சாவடி. நியாயஸ்தலத்துக்கு அந்தக் காலத்துப் புதுச்சேரியில் அதுதான் பெயர். பிரெஞ்சுக்காரர்களும் அந்தத் தமிழ்ச் சொல்லையே தங்கள் நாவுக்கேற்றபடி திருகி எழுதிக்கொண்டார்கள்.

நாட்குறிப்பைப் படித்தால் ஒன்று விளங்கும். பதவிக்கும் தயவுக்கும் போட்டியிடும் பெரிய மனிதர்கள் எல்லோரும், நயினார் யார் பக்கம் என்று ஒரு கண்ணை வைத்துக்கொண்டேதான் காரியம் செய்தார்கள். இருநூறு வருஷம் கழித்துச் சட்டசபையும் வாக்குச்சீட்டும் வந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை என்பது என் கட்சி. புதுச்சேரியில் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, மக்கள் சபை என்று மூன்று வீடுகள் உண்டு. கொல்லைப்புறம் மட்டும் ஒன்று. அந்தக் கொல்லைப்புறத்தை இருட்டிலும் தடுமாறாமல் கடக்கத் தெரிந்த ஒருவரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அவர் எதுவார் குபேர். பிரெஞ்சுக்காரர்கள் கூபேர் என்று நீட்டிச் சொல்வார்கள். நம்மவர்கள் அதைக் குபேர் என்று குறுக்கிவிட்டார்கள். பணத்துக்கு அதிபதியான தேவனின் பெயர் அதில் ஒலிப்பது தற்செயல்தான். ஆனால் அவருடைய விரோதிகள் அந்தத் தற்செயலை வீணாக்கவில்லை.

1894இல் பிரெஞ்சு இரத்தமும் தமிழ் இரத்தமும் கலந்த குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்தவர். உத்தியோகம் நீதிமன்றத்தில், 'கிரெப்பியே' என்று பெயர். குமாஸ்தா என்றால் குறைத்துச் சொன்னதாகும். ரிஜிஸ்திரார் என்றால் கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகும். வழக்குக் கட்டுகள் அவர் கையில். தீர்ப்பைப் பதிவுசெய்து காப்பதும், நகல் கொடுப்பதும், யார் எப்போது மனுக் கொடுத்தார் என்று முத்திரை போடுவதும் அவர் வேலை. அவர் போலீஸ்காரரல்லர். ஆனால் போலீஸ்காரன் செய்வதெல்லாம் கடைசியில் காகிதமாகி வந்து சேரும் மேஜை அது. தடியடி பட்டவனுக்குத் தெரிவது தடி மட்டுமே. எந்தப் பிராது எழுதப்படுகிறது, எது எழுதப்படாமலே கிழிகிறது என்பது அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். நான் நாவல் எழுதுகிறவன்; இப்படிப்பட்ட நாற்காலிகளின்மேல் எனக்கு ஒரு தனி மோகம் உண்டு.

குபேர் வந்து சேர்ந்த ராஜீய மேடை எப்படிப்பட்டது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. பிரெஞ்சிந்தியா 1871 முதலே பாரிஸ் மக்கள் சபைக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பிக்கொண்டிருந்தது. சென்னையில் ஓட்டு என்ற சொல்லையே சாமானிய மனிதன் கேட்டிராத காலத்தில், புதுச்சேரித் தமிழன் பிரெஞ்சு தேசத்துச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்தான். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. கிட்டப்போய்ப் பார்த்தால் பெருமை மங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சண்முக வேலாயுத முதலியார் கைகாட்டிய அபேட்சகர்தான் ஜெயிப்பார் என்ற நிலை இருந்தது. அவருக்கு எதிரே நின்றவர்கள் பொன்னுத்தம்பிப் பிள்ளையைப் போன்ற, பிரெஞ்சுச் சட்டத்துக்கே தங்களை முற்றிலும் உட்படுத்திக்கொண்ட கட்சியார். இந்தப் பொன்னுத்தம்பி, 1873இல் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்ததற்காக நீதிபதியின் கோபத்துக்கு ஆளான வக்கீல். விட்டுக்கொடுக்காமல் பாரிஸ் வரை வழக்காடி வென்றார். அதே ஊரில் சமத்துவத்துக்கு ஒரு செருப்பளவு சட்டம் கிடைத்தது. ஓட்டுச்சாவடியில் அதுவும் கிடைக்கவில்லை. தேர்தல் நாளில் தடி பேசும். பெட்டியிலுள்ள சீட்டு, போட்டவன் நினைத்ததைச் சொல்லாது.

1914இல் பால் ரிஷார் என்ற பிரெஞ்சுக்காரர் அபேட்சகராக நின்றார். புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியாரும் அரவிந்தரும் அவர் பக்கம். ஜெயித்தவர் புளூய்சன். ரிஷாருக்கு விழுந்த ஓட்டுகள் எண்ணிக்கையில் எப்படி மறைந்துபோயின என்பதை அரவிந்தர் அப்போதே தம் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயரின் ரகசியப் போலீஸார் தெருமுனையில் காத்திருந்த ஊரில், பிரெஞ்சுக்காரரின் பகிரங்கப் போலீஸார் ஓட்டுச்சாவடியில் காத்திருந்தார்கள். இரண்டு விதமான காவலும் கண்ட கவிகள் அதிகம் பேர் இல்லை.

1936 ஜூலை 30ஆம் தேதியை நினைவூட்டினால் போதும். எட்டு மணி நேர வேலை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர்கள்மேல் சவானா ஆலையில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். வ. சுப்பையாவின் பெயர் ஊர் எல்லைக்கு அப்பாலும் பரவியது இந்தப் போராட்டத்தினால்தான். துப்பாக்கிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் தலையிலே இருந்தது கெப்பி என்ற வட்டத் தொப்பி. புதுச்சேரிப் போலீஸ்காரர் தலையில் அது சிவப்பு நிறத்தில் இன்றும் இருக்கிறது. கடற்கரைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அதை அழகென்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். அழகுதான்.

யுத்தம் முடிந்து, 1946இல் பிரதிநிதித்துவ சபை என்ற ஒன்றைப் பிரெஞ்சு சர்க்கார் ஏற்படுத்தியது. நாற்பத்து நான்கு ஸ்தானங்கள். சுப்பையாவின் கோஷ்டியும் லம்பேர் சரவணேயும் சேர்ந்திருந்த தேசிய ஜனநாயக முன்னணி பெரும்பான்மை பெற்றது. சரவணே பாரிஸ் சபைக்குப் பிரதிநிதியானார். அடுத்த வருஷம், இந்தியா சுதந்திரம் அடைவதற்குச் சில வாரங்களுக்கு முன், பிரெஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சி பிறந்தது. அதன் முளை ஆணி குபேர். கட்சியின் பேச்சு அப்போது இந்தியாவோடு இணைவதல்ல; பிரெஞ்சு யூனியனுக்குள் இருந்துகொண்டே சுயாட்சி என்பது. 1948 ஜூனில் டில்லிக்கும் பாரிஸுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: எந்த நாட்டோடு இருப்பது என்பதை ஜனங்களே வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டியது, எப்போது, எப்படி என்பதை முனிசிபல் கவுன்சில்கள் சொல்ல வேண்டியது. ஆகவே முனிசிபல் கவுன்சிலைப் பிடித்தவன் ஊரின் தலையெழுத்தைப் பிடித்தவன் ஆனான். இதை ஒரு கிரெப்பியேயைக் காட்டிலும் வேகமாக யார் புரிந்துகொள்ள முடியும்? அந்த அக்டோபர் மாதத் தேர்தலில் சோஷலிஸ்டுக் கட்சி புதுச்சேரியை வாரி எடுத்துக்கொண்டது.

எப்படி வாரியது என்பதைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் இருக்க இடமில்லை. அடியாட்கள் முன்னே போனார்கள்; போலீஸார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 1950இல் சுப்பையாவின் வீட்டுக்கே நெருப்பு வைத்தார்கள். 1951இல் சர்வதேச நீதிமன்றத்தின் மூலம் நியமிக்கப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து பார்த்தார்கள். வாக்காளர் ஜாபிதா நம்பத்தக்கதல்ல, சுதந்திரமாக வாக்களிக்கும் சூழ்நிலை இல்லை என்ற கருத்தைத்தான் அவர்களும் எழுதிவிட்டுப் போனார்கள். அதே ஜூனில் பாரிஸ் சபைக்குத் தேர்தல். குபேருக்குத் தொண்ணூறாயிரத்துக்கு மேல் ஓட்டு. ஐந்து வருஷம் பிரதிநிதியாக இருந்த சரவணேக்கு நூற்றைம்பது கூடத் தேறவில்லை! ஒரு மனிதருக்கு உறவினரும் சிநேகிதரும் மட்டும் போட்டிருந்தாலே அதற்கு மேல் இருக்குமே என்று எண்ணத் தோன்றுகிறது. பொய்க்கணக்கு எழுதுகிறவன்கூடப் பார்ப்பவன் நம்பட்டும் என்று கொஞ்சம் குறைத்து எழுதுவான். இங்கே அந்தக் கூச்சமும் இல்லை.

இதற்கிடையில் 1949 ஏப்ரலில் சுங்க உடன்பாடு முடிந்து, இந்திய சர்க்கார் எல்லையில் வேலி போட்டது. புதுச்சேரி நிலப்பரப்பைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு தேசமல்ல, கிழிந்த துணி. ஒரு கிராமம் பிரெஞ்சு, அடுத்தது இந்தியா, அதற்கடுத்தது மறுபடியும் பிரெஞ்சு. இப்படிப்பட்ட இடத்தில் சுங்க வேலி போட்டால் அரிசி நின்றுபோகும், தங்கம் போய்க்கொண்டேயிருக்கும். தங்கமும் வைரமும் கைக்கடிகாரமும் சீமைச் சாராயமும் புதுச்சேரித் துறையில் இறங்கி எங்கேயோ மறைந்தன. குபேருடைய கட்சிக்கு இந்த வியாபாரத்தில் பங்குண்டு என்று அன்றே பேசினார்கள். பின்னால் வந்த சரித்திரக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு அதிகாரிகள் இதைப் பல வருஷம் பொறுத்தார்கள். அவர்களுக்கு வேண்டியது தேர்தலில் ஜெயிக்கத் தெரிந்த ஆள்.

1954 தொடக்கத்தில் அந்தப் பொறுமை தீர்ந்தது. குபேர்மேல் வழக்கு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. வழக்கு எப்படி உருவாகும், எந்த நாளில் கைது உத்தரவு கையெழுத்தாகும் என்பதெல்லாம் அந்த மேஜைக்குப் பின்னால் இருந்தவருக்குச் சொல்லித் தர வேண்டுமா? மார்ச் 18ஆம் தேதி புதுச்சேரியின் எட்டுக் கொம்யூன்களின் மேயர்களும் நிர்வாக சபை மந்திரிகளும் ஒரு தீர்மானம் செய்தார்கள்: வாக்கெடுப்பே வேண்டாம், இந்தியாவோடு உடனே சேர்த்துவிடுங்கள் என்று. ஆறு வருஷமாக இந்தியாவுக்கு விரோதமாக இருந்த அதே வாய்கள்! பிரெஞ்சுக் கமிஷனர் மெனார் திகைத்துப் போயிருக்க வேண்டும். இந்தியக் கான்சல் ஜெனரல் கேவல் சிங் திகைக்கவில்லை. அவருக்கு முன்கூட்டியே விஷயம் தெரியும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் ருசியான கட்டம். மார்ச் 31ஆம் தேதி குபேரும் முத்துப்பிள்ளையும் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றித் தற்காலிக சர்க்காரை அறிவித்தார்கள். முதலில் கைப்பற்றிய கட்டடம் எது? முனிசிபல் கவுன்சில் கூடும் மேரி அல்ல; பள்ளிக்கூடம் அல்ல; போலீஸ் ஸ்டேஷன். பாரிஸ் மக்கள் சபையின் அங்கத்தினர் ஒருவர், அந்தப் பதவியில் இருந்துகொண்டே, தம்முடைய குடியரசின் போலீஸ் ஸ்டேஷனைப் பிடித்தார் என்றால் பிரெஞ்சுச் சட்டப் புத்தகத்தில் அதற்கு என்ன தண்டனையோ, அதுவும் அவருக்கு மனப்பாடம். நெட்டப்பாக்கத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. நாலு புறமும் இந்திய மண். நகரத்திலிருந்து பிரெஞ்சுப் போலீஸார் உதவிக்கு வர வேண்டுமானால் இந்திய எல்லையைத் தாண்டியே வர வேண்டும். தாண்ட இந்தியா விடாது. ஸ்டேஷனில் இருந்த சில ஜவான்களுக்குப் பின்னால் ஒரு சாம்ராஜ்யம் இருந்தது வாஸ்தவம்; ஆனால் நடுவே சில மைல் தூரம் அந்நிய வயல் இருந்தது.

இங்கே இன்னொருவரைச் சொல்லாமல் விடுவது பாவம். தாதாலா ராபேல் ரமணையா. யானாம் பக்கத்துத் தெலுங்கர். பிரெஞ்சுப் போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கெப்பியைக் கழற்றிவிட்டு விடுதலை இயக்கத்துக்கு வந்தார். 1954இல் தொண்டர்களைத் திரட்டிக் கொம்யூன்களுக்குள் புகுந்தவர்களில் அவர் முன்னணியில் நின்றார். ஜூன் 13ஆம் தேதி காக்கிநாடா பக்கமிருந்து யானாமுக்குள் நுழைந்து அதையும் கைப்பற்றினார். அன்று யானாமில் இரத்தம் சிந்தாமல் இல்லை. பிரெஞ்சுப் பக்கம் நின்ற ஊர்ப் பெரியவர் ஒருவர் உயிரிழந்தார். தாதாலா பின்னாளில் தம் போராட்டத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். போலீஸ் ஸ்டேஷன் எந்த நேரத்தில் தூங்கும் என்பது போலீஸில் இருந்தவருக்குத் தெரியும். கோர்ட்டு எந்த நேரத்தில் விழிக்கும் என்பது கோர்ட்டில் இருந்தவருக்குத் தெரியும். பிரெஞ்சிந்தியாவை வெளியிலிருந்து உடைத்தவர்கள் என்று பலரைச் சொல்கிறோம். உள்ளே இருந்து தாழ்ப்பாளை நீக்கியவர்கள் இந்த இருவரும்.

இருவரையும் நான் ஒரே தராசில் நிறுத்தவில்லை. ஒருவர் ஆபத்தைத் தேடி வந்தார். மற்றவர் ஆபத்து தம்மைத் தேடி வந்தபோது வந்தார்.

மே 7ஆம் தேதி வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டை விழுந்தது. பாரிஸில் மாந்தெஸ் பிரான்ஸ் பிரதமரானார். ஆசியாவில் கையிலிருந்த பெரிய துண்டே நழுவியபோது, சோழமண்டலக் கரையில் நாலைந்து துண்டுகளுக்காக யார் மல்லுக்கு நிற்பார்கள்? அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் ஒரு கொட்டகையின் கீழ் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர்; இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு எட்டு. நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பாரிஸ் சபை ஒப்புதல் அளித்துச் சட்டப்படி முடிவாக 1962 ஆகஸ்டு 16 ஆகிவிட்டது. காகிதம் எப்போதும் மெதுவாகத்தான் நடக்கும்.

அந்த 178 பேர் யார்? பிரதிநிதித்துவ சபை அங்கத்தினர்களும் முனிசிபல் கவுன்சிலர்களும். எந்தத் தேர்தல்களில் வந்தவர்கள்? அடியாள் முன்னே போகப் போலீஸார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த தேர்தல்களில். அந்தத் தேர்தல்கள் பொய் என்று ஐந்தாறு வருஷம் உரக்கச் சொன்னது இந்தியத் தரப்பு. அவை ஒழுங்கானவை என்று சாதித்தது பிரெஞ்சுத் தரப்பு. கீழூரில் இரண்டு தரப்பும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. சரக்கு ஒன்றுதான், விலைச்சீட்டை மாற்றிவிட்டார்கள்.

இணைப்பு தவறு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புதுச்சேரித் தமிழன் கடலூர்த் தமிழனோடும் திண்டிவனத்துத் தமிழனோடும் சேர விரும்பினான் என்பதற்கு ஓட்டுப்பெட்டியின் சாட்சி தேவையில்லை. பன்னிரண்டு தொழிலாளர்களும், பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த மாணவர்களும், தலைமறைவாகத் திரிந்தவர்களும் சாட்சி. ஆனால் அந்த விருப்பம் நேர்வழியில் போய்ப் பதிவாக ஒரு வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் குறை. கள்ள ஓட்டில் வந்தவர்கள் நல்ல காரியத்துக்குக் கை தூக்கினார்கள். காரியம் நல்லதென்பதால் கையை யாரும் சோதிக்கவில்லை.

1955இல் இந்திய நிர்வாகத்தின் கீழ் முதல் தேர்தல். 39 ஸ்தானங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சுப்பையாவின் மக்கள் முன்னணிக்குப் போயிற்று. நான்கு வருஷத்துக்கு முன் ஊரில் எதிர்க்கட்சி என்பதே இல்லை என்று எண்ணிக் காட்டியிருந்தார்களே, அத்தனை பேரும் எங்கிருந்து முளைத்தார்கள்? குபேர் இப்போது காங்கிரஸ். கதர் அவருக்குப் பொருந்தியது. அவருக்கு எதுவும் பொருந்தும். மேயர் பதவியும் வந்தது. சபை மட்டும் நிலைகொள்ளவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவுவதும் திரும்பி வருவதுமாக இருந்து, 1958இல் கலைந்தது. தாவுவதற்கு ஊரில் நல்ல முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

1963 ஜூலை முதல் தேதி யூனியன் பிரதேசச் சட்டப்படி சட்டசபை அமைந்தபோது முதல் மந்திரி நாற்காலியில் குபேர் உட்கார்ந்தார். வயது அறுபத்தொன்பதை நெருங்கியிருந்தது. பிரெஞ்சுக் குடியரசின் கோர்ட்டு மேஜை, பாரிஸ் மக்கள் சபை, நெட்டப்பாக்கத்துத் தற்காலிக சர்க்கார், இந்தியக் குடியரசின் முதல் மந்திரி பதவி என்று நாலு இடத்தில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. அவர்மேல் வரவிருந்த அந்தப் பழைய வழக்கைத் தொடர வேண்டிய சர்க்காரே கப்பலேறிப் போய்விட்டது.

நாற்காலி பதினான்கு மாதம்தான் நிலைத்தது. 1964 ஆகஸ்டில் நடந்த தேர்தலில் முப்பது ஸ்தானங்களில் 22ஐக் காங்கிரஸ் பெற்றது. ஆனால் செப்டம்பரில் முதல் மந்திரியானவர் வேங்கடசுப்பா ரெட்டியார். தம் கட்சி ஜெயித்து, தாம் வீட்டுக்குப் போவது குபேருக்குப் புது அனுபவமாக இருந்திருக்கும். கட்சியைத் தம்மைச் சுற்றிக் கட்டிப் பழகியவர் அவர்; காங்கிரஸோ அவர் வருவதற்கு வெகு காலம் முன்பே கட்டிய வீடு. அதில் அவர் குடியிருந்தவர் மட்டுமே. ஐந்து வருஷம் கழித்து, 1969இல் தி.மு.க.வும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து அமைத்த மந்திரி சபையில் சுப்பையா மந்திரியாக உட்கார்ந்ததையும் குபேர் உயிரோடிருந்து பார்த்தார். வீட்டை இழந்தவருக்குக் கொத்தளத்து அறை கிடைத்தது. குபேர் 1979இல் காலமானார்.

கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர். பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர். மீன் விற்கிறவளும் கீரை விற்கிறவளும் ஒரு நாளைக்கு நூறு முறை அதைச் சொல்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருத்தியைக் கேட்டுப் பாருங்கள். குபேர் என்றால் சாமி பேரு என்பாள்.